நஞ்சால வந்தது

ஸ்கேன் அறைக்குள் ஆண்களை விடமாட்டார்கள். ஜோஷ்வா கதவுக்கு வெளியே, செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில், மனைவி மெர்சியின் கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு நின்றான். திரைச்சீலை பாதிதான் மூடியிருந்தது. மின்விசிறிச் சத்தத்தில் பேச்சும் பாதிதான் கேட்டது.

வயிறு மாசத்துக்குத் தக்கபடி இல்லை என்று கும்மிடிப்பூண்டி டாக்டர் திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். இங்கே டாக்டர் சந்திரகலா நெடுநேரம் ஸ்கேன் திரையையே பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். முப்பத்திரண்டு வாரத்துக்கு இருக்கவேண்டிய எடை குழந்தைக்கு இல்லை. போன ஸ்கேனுக்கும் இதற்கும் நடுவில் வளரவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். குழந்தைக்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கிறது. இன்றைக்கே அட்மிட் ஆகவேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, வேறு யாரோ கூப்பிட்டதால் எழுந்து போனார்.

மெர்சி அழ ஆரம்பித்தாள். காலை நாஷ்டாவைப் பல நாள் விட்டதைச் சொல்லி அழுதாள். அவள் வயிற்றில் இருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டே நர்ஸ் நர்மதா அதட்டினாள்.

"சும்மா அழுவாதம்மா. நீ துன்னதாலயும் இல்ல, துன்னாததாலயும் இல்ல. எல்லாம் நஞ்சால வர்றது. அதுக்கு நீ இன்னா பண்ணுவ? உள்ள வச்சிக்கினு இருந்தா புள்ளைக்குத்தான் ஆபத்து. நுரையீரலுக்கு ஊசி போட்டு, ரெண்டு நாள்ல எடுத்துடுவாங்க."

அது மெர்சிக்குச் சொன்ன ஆறுதல். வெளியே நின்றவன் காதில் அதில் ஒரே ஒரு சொல்தான் தங்கியது.

ஜோஷ்வா வேலை செய்வது பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கி ஈயக்கட்டி வார்க்கும் தொழிற்சாலையில். மாசத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வகுப்பு நடக்கும். வகுப்பெடுப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்: "ஈயம் ஒரு நஞ்சு. கண்ணுக்குத் தெரியாது. உங்கள் உடுப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்." உடனே பின்வரிசையிலிருந்து அன்புராஜ், "அப்ப எம் மாமியாருக்குக் கொஞ்சம் பொட்லம் கட்டிக் குடு சார்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். ஜோஷ்வாவும் சிரித்திருக்கிறான். உடுப்பை அங்கேயே துவைக்கத்தான் மெஷின் வைத்திருந்தார்கள். அது ரிப்பேராகி வெகுகாலம் ஆகிறது. ஆகவே எல்லோரும் பையில் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். ஜோஷ்வாவின் வீட்டில் அதைச் சோப்புப் போட்டுக் கும்மியவள் மெர்சி. வயிறு தெரிய ஆரம்பித்த பிறகும் அவள்தான் கும்மினாள்.

கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. இனி என்ன செய்வது என்பதுதான் மிச்சம். அதையும் அவன் ஒழுங்காகவே யோசித்தான். ரத்தத்தில் ஈயம் ஏறிவிட்டால் கம்பெனியில் ஆளை உலைப்பக்கத்திலிருந்து எடுத்து கேட் வேலைக்குப் போடுவார்கள். கொஞ்ச நாளில் இறங்கிவிடும். அன்புராஜுக்கே அப்படி இறங்கியது. அப்படியானால் மெர்சியையும் அந்த வீட்டிலிருந்து, தொழிற்சாலைப் புகையிலிருந்து, தன்னிடமிருந்து விலக்கி வைத்தால் போதும். நஞ்சு இறங்கும், குழந்தை வளரும். வளராத குழந்தையை அவசரமாக எதற்கு வெளியே எடுக்கவேண்டும்? யோசனை சரிதானா என்று இரண்டு முறை தனக்குள் கேட்டுப் பார்த்தான். யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால், துணி துவைத்த கதையையும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும்.

"கூட இருக்கப் பொம்பள ஆளு யாரு?" என்று நர்மதா கேட்டாள்.

"அவங்க அம்மா சிஸ்டர். திருவாலங்காட்ல கீறாங்க."

"நீ போய் இட்டுக்கினு வா. பொண்ணு இங்கயே இருக்கட்டும்."

"இவளுக்கும் துணிமணி எதுவும் இல்ல சிஸ்டர். ரயில்ல கிட்டதான. ஒண்ணாவே போய்ட்டு வந்துடறோம்."

நர்மதாவுக்கு மனமில்லை. "சாயந்தரத்துக்குள்ள வரணும். இது வெளையாட்டு இல்ல" என்று சொல்லி, அவன் போன் நம்பரை எழுதிக்கொண்டாள்.

ரயிலில் மெர்சி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தும் ஜோஷ்வா எதிர் வரிசையில் போய் உட்கார்ந்தான். கடம்பத்தூர் தாண்டியதும் அவள் கையை நீட்டினாள். அவன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான். அவள் கேட்டது அதை அல்ல.

திருவாலங்காட்டில் மெர்சியின் அம்மா செண்பகம் ஒரு மாடு வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கவலைப்பட்டது எடையைப் பற்றி அல்ல.

"இப்ப எட்டாம் மாசமா? எட்டுலயா எடுக்கறேன்றாங்க? ஏழுல பொறந்தாக்கூட தங்கும். எட்டு ஆவாது. ஒம்போது பொறக்கட்டும், அப்பால பாப்போம்."

"எனக்கும் அதான் அத்த தோணுது" என்றான் ஜோஷ்வா. "இன்னிக்கு ராவு இங்கயே இருக்கட்டும். நல்ல காத்து."

மாப்பிள்ளை தன் பேச்சை ஒருமுறையாவது ஆமோதித்ததில் செண்பகத்துக்கு மகிழ்ச்சி. அவன் காரணம் வேறு, அவள் காரணம் வேறு என்பது இருவருக்குமே தெரியாது. நடுவில் உட்கார்ந்திருந்த மெர்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சாயந்தரமே வரச் சொல்லிக்கீறாங்க. புள்ள வேற காலைலேர்ந்து சரியா அசையல."

"அலைச்சல் இல்லியா, தூங்கும்" என்றாள் செண்பகம்.

ஜோஷ்வா வயல் மோட்டாருக்குப் போய்ச் சோப்புத் தேய்த்துக் குளித்தான். திரும்பி வந்தவனுக்கு, காதுமடலின் பின்பக்கம் சரியாகத் தேய்க்கவில்லை என்று தோன்றியது. மறுபடியும் போனான். வாசலில் தட்டை வாங்கி வாசலிலேயே சாப்பிட்டான். படுக்கைக்குப் பக்கத்து வீட்டு மாடியைக் கேட்டு வாங்கினான். இதெல்லாம் ஒன்று விடாமல் மெர்சி கண்ணில் பட்டது.

மறுநாள் காலை போன் அடித்தபோது அவன் மூன்றாவது முறையாகக் குளிக்கப் போயிருந்தான். மெர்சிதான் எடுத்தாள். நர்மதா என்ன சொன்னாளோ, கேட்டு முடித்ததும் மெர்சி இரண்டு நைட்டியையும் துண்டையும் பைக்குள் திணித்தாள்.

"எங்கடி?" என்றாள் செண்பகம்.

"ஆஸ்பத்திரிக்கு. நீ வந்தா வா, வராங்காட்டி போ."

"எட்டு மாசம்டி..."

"அவங்க வாரத்துல எண்றாங்க, நீ மாசத்துல எண்ற. உள்ள கீறதுக்கு ரெண்டுமே தெரியாது. நவுரு."

ஜோஷ்வா ஈரத்தலையோடு வந்தபோது அவள் ஸ்டேஷன் பாதையில் போய்க்கொண்டிருந்தாள். ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டவன், ஐந்தாறு அடி இடைவெளி விட்டுப் பின்னால் நடந்தான். இன்னும் பின்னால் செண்பகம், மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, யாரையோ திட்டிக்கொண்டே வந்தாள். ஆலமரத்தடியில் மெர்சி மூச்சு வாங்க நின்றாள். அவனும் நின்றான், அதே இடைவெளியில்.

"யோவ், இன்னாய்யா உன் பேஜாரு? நேத்துலேர்ந்து பாக்கறேன். தட்டு தனி, படுக்க தனி. புள்ள சின்னதா கீதுன்னு தெரிஞ்சதும் ரெண்டு பேரும் வாணாம்னு ஆயிட்டமா?"

"ஐயோ, அதில்ல மெர்சி."

"பின்ன இன்னா?"

"சிஸ்டர் சொன்னாங்கல்ல... எல்லாம் நஞ்சாலன்னு."

"ஆமா, சொன்னாங்க."

"என் துணிய நீதான தொவச்ச."

மெர்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தலைக்கு மேலே கையைக் காட்டினாள். ஆலமரத்துக் கிளைகளில் வைக்கோல் சுற்றிய சாக்குப் பொட்டலங்கள் நாலைந்து தொங்கின. சில பழையவை, கறுத்துச் சுருங்கியிருந்தன.

"அது இன்னான்னு தெரியுமா?"

"யாரோ குப்பையக் கட்டிக்கீறாங்க."

"நீ சிமென்ட் ரோட்ல வளந்தவன், உனக்கு எங்க தெரியும்? மாடு கன்னு போட்டதும் பின்னாலயே ஒண்ணு உழும். அதுக்குப் பேருதான் நஞ்சு. நாய் இழுக்காம இருக்கப் பால் மரமாப் பாத்துக் கட்டுவாங்க. அந்தக் கடைசில தொங்குது பாரு, அது எங்கூட்டு மாட்டுது. எனக்கும் வயித்துல ஒண்ணு கீது. அது வழியாத்தான் புள்ளைக்குச் சோறு. அது சரியில்லன்னுதான் அந்தக்கா சொன்னாங்க."

ஜோஷ்வா மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று ஸ்டேஷனிலிருந்து வரும்போது இதே மரத்தடியில்தான், இங்கே காற்று எவ்வளவு சுத்தம் என்று நினைத்தபடி நடந்தான். நஞ்சு அவள் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது என்றால் அவளை எங்கே கூட்டிப்போனாலும் அதுவும் கூடவே வரும். குழந்தையை வெளியே எடுப்பது ஒன்றுதான் வழி. அதைத்தான் அவர்கள் நேற்றே சொன்னார்கள்.

"அப்ப நாம இங்க வந்தது..."

"தண்டம்" என்றாள் மெர்சி. "கையக் குடு. நடக்க முடில."

அவன் இடைவெளியைக் கடந்து வந்து கையைக் கொடுத்தான்.

ஆஸ்பத்திரியில் நர்மதா திட்டிய திட்டில் பாதி செண்பகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மெர்சி வயிற்றில் பட்டையைக் கட்டி இதயத்துடிப்பை ஓடவிட்டார்கள். முதல் ஊசியைப் போட்டார்கள். சாயந்தரம் துடிப்பு இறங்கி இறங்கி ஏறியது. டாக்டர் சந்திரகலா காகிதச்சுருளை இழுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் காத்திருக்க முடியாது, தியேட்டரைத் தயார் செய்யுங்கள் என்றார். வாசலில் நின்ற ஜோஷ்வாவிடமும் ஒளிக்காமல் சொன்னார்.

"நேத்தே அட்மிட் ஆயிருந்தா இந்நேரம் ரெண்டாவது ஊசியும் போட்டிருப்போம். இப்ப ஒண்ணோடதான் எடுக்கறோம். மூச்சு விடக் கஷ்டப்படும். ஆனா உள்ள விட்டுவச்சா அதுகூட இருக்காது."

அவன் தலையாட்டினான். பிறகு, கேட்காமல் விட்டுவிட்டால் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிவரும் என்பதால், கேட்டான்.

"மேடம், நான் ஈயக் கம்பெனில வேலை செய்றேன். என் துணிய அவதான் ஊட்ல தொவச்சா. அதால இருக்குமா?"

சந்திரகலா கையுறைக்கு நீட்டிய கையைத் தாழ்த்தினார்.

"சிஸ்டர் சொன்ன நஞ்சு அது இல்லப்பா."

"தெரியும் மேடம். இப்பதான் தெரியும்."

"நஞ்சு ஏன் சரியா வேலை செய்யலன்னா, நிறைய பேருக்குக் காரணமே தெரியாது. உன் துணியாலதான்னு நான் சொல்ல மாட்டேன். இல்லவே இல்லன்னும் சொல்ல முடியாது. ரெண்டு பேரும் ரத்தம் குடுங்க, பாப்போம். இனிமே அந்தத் துணி வீட்டுக்கு வரக்கூடாது."

இது விடுதலையா தண்டனையா என்று ஜோஷ்வாவுக்கு விளங்கவில்லை. அதை விளங்கிக்கொள்ள அப்போது நேரமும் இல்லை.

பெண் குழந்தை. சன்னமாக ஒரு தரம் அழுதது. அப்புறம் அழக்கூடத் தெம்பில்லை. சுவாசிக்க மெஷின் வைத்துக் கண்ணாடிப் பெட்டியில் போட்டார்கள். செண்பகம் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு வந்து, எட்டாம் மாசத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. "மூக்கு நம்ம மூக்குதான்" என்று மட்டும் சொன்னாள்.

அன்புராஜ் போன் செய்தான். கம்பெனியில் கிடந்த தன் உடுப்பை லாக்கரிலேயே வைத்துப் பூட்டும்படி ஜோஷ்வா சொன்னான். "நாறிடும்டா" என்றான் அன்புராஜ். "நாறட்டும்." பிறகு, "மெஷின ரிப்பேர் பண்ணச் சொல்லி நாளைக்கு ஆபீஸ்ல கேக்கறேன்டா. எங்கூட்லயும் தொவைக்கறாங்கல்ல" என்றான் அன்புராஜ்.

சுவாச மெஷினை எடுத்து, குழந்தை தானாக மூச்சுவிட ஆரம்பித்த வாரம், நர்மதா ஜோஷ்வாவைக் கூப்பிட்டாள். மெர்சிக்குத் தையல் போட்ட இடம் பழுத்துக் காய்ச்சல்; அவளால் எழுந்து வர முடியவில்லை. குழந்தையை யாராவது வெறும் மார்பில் வைத்துக்கொள்ள வேண்டும், அந்தச் சூட்டில்தான் எடை ஏறும் என்றாள்.

"அத்தைய வரச் சொல்றேன் சிஸ்டர்."

"அப்பன் நீ கல்லாட்டம் நிக்கற, அத்த எதுக்கு? சட்டையக் கழட்டு."

"இல்ல சிஸ்டர்... நான் ஈயம் உருக்கற எடத்துல..."

"டாக்டர் சொன்னாங்க. இப்ப வேலைக்குப் போய்க்கினு கீறியா?"

"இல்ல. லீவு."

"குளிச்சியா?"

"மூணு தபா."

"மூணு தபாவா?" அவனை ஏற இறங்கப் பார்த்தாள் நர்மதா. "ஊர்ல தண்ணியே இருக்காது போல. கழட்டு."

நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்தாள். தொப்பியும் நாப்கினும் மட்டும் போட்டிருந்த குழந்தையைத் தவளைபோலக் காலை மடக்கி, அவன் நெஞ்சில் குப்புற வைத்து, துணியால் சுற்றிக் கட்டினாள். ஒரு கைப்பிடி ஈரமாவு கனம்கூட இருக்காது. ஆனால் சூடு இருந்தது. அவன் அசையவில்லை. கீழே பார்க்கவும் துணியவில்லை.

கட்டின் முடிச்சைச் சரிபார்த்த நர்மதா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாப்பா, மூச்சப் புடிச்சிக்கினு கீற? உடு. உன் நெஞ்சு ஏறி எறங்கினாதான், அதுக்கும் மூச்சு உடணும்னு ஞாபகம் வரும்."

ஜோஷ்வா மூச்சை விட்டான்.