பஞ்சுக் கிடங்கில் விடிந்தபோது

விடிந்தபோது கிடங்கின் சுவர்கள் மட்டும் நின்றன. கூரை இல்லை. கருகிய பஞ்சுப் பொதிகளைக் கொக்கியால் கிழித்துக்கொண்டிருந்தான் வண்டிக்காரன். தீயணைப்பு வண்டியை ஓட்டுவதும் பம்பைப் பார்த்துக்கொள்வதும்தான் அவன் வேலை. ஆள் பற்றாததால் கொக்கியும் கைக்கு வந்திருந்தது. பஞ்சில் பிடித்த தீ பாம்பு மாதிரி. மேலே தண்ணீர் பட்டதும் உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். பொதி பொதியாகக் கிழித்து நனைக்க வேண்டும். நனைந்த பொதி கல்லாய்க் கனத்தது. துப்பினால் எச்சில் கறுப்பாய் விழுந்தது.

"தியேட்டர் எரிஞ்சப்பகூட முதுகு இப்படி விட்டுப்போகலப்பா," என்றார் குழாயைத் தோளில் தாங்கியிருந்த பெரியவர்.

அந்த நிலையத்தில் வருஷத்தைத் தீயை வைத்துத்தான் சொல்வார்கள். தியேட்டர் எரிந்த வருஷம் பெரியவர் வேலைக்குச் சேர்ந்தார். எண்ணெய்க் கிடங்கு எரிந்த வருஷம் வண்டிக்காரனுக்குக் கல்யாணம்.

"பாதி மீசை கருகி நின்ன ஒரே மாப்பிள்ளை நீதாண்டா," என்றார் பெரியவர்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரையும் சிரிக்க வைக்கிறவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வண்டிக்காரனின் அக்கா புருஷன்.

தீக்குள் நுழைகிறவனின் பெல்ட்டைப் பின்னால் ஒருத்தன் பிடித்திருக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். பிடிக்க வேண்டியவனை நேற்றுச் சாயங்காலமே இரண்டாவது வண்டியோடு விழா மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்கள், புழுதி அடங்கத் தண்ணீர் அடிக்க. உள்ளே மாட்டிக்கொண்ட காவல்காரன் கத்தியதும் மச்சான் தனியாகவே நுழைந்தான். காவல்காரனை வெளியே தள்ளினான். உத்தரம் மச்சான் காலில் விழுந்தது.

அதிகாரியின் ஜீப் வந்து நின்றது.

"அணைஞ்சிருச்சுல்ல? வண்டிய எடு. மைதானத்துக்கு ஒரு வண்டி பத்தலையாம். பெரிய ஆளுங்க வர்றாங்க."

"அணையலைங்கய்யா. உள்ள கனலுது."

"மிச்ச ஆளுங்க பார்த்துப்பாங்க."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க. எங்கக்கா ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருக்கா."

"அவன யாரு தனியா உள்ள போகச் சொன்னது?"

கேட்டுவிட்டு அதிகாரியே தலையைத் திருப்பிக்கொண்டார். அவரும் குழாய் பிடித்து மேலே வந்தவர்தான். கழுத்தில் பழைய தீக்காயம் சுருங்கிக் கிடந்தது.

"மேலேருந்து ஃபோன் மேல ஃபோன்டா. மாட்டேன்னா வேலை போயிடும். பிள்ளைங்கள நினைச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தான். வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், இனி அக்கா வீட்டு அடுப்பும்.

"எங்க தீப்பிடிச்சாலும் இந்த நிமிஷமே வர்றேங்கய்யா. புழுதிக்கு வரமாட்டேன்."

அதிகாரி பெரியவரிடம் திரும்பினார். "நீ ஓட்டு."

"முதுகு சரியில்லைங்க."

"ஸ்டியரிங் பிடிக்க முதுகு எதுக்குய்யா?"

"வளைய மாட்டேங்குதுங்க."

அப்போது வாசலில் பம்பு வண்டிச் சத்தம் கேட்டது. மைதானத்திலிருந்த வண்டி. யாரும் கூப்பிடவில்லை, தொட்டி நிறையத் தண்ணீரோடு தானாகவே வந்திருந்தது. பெல்ட் பிடிக்கிறவன் முதலில் குதித்தான். அழுது முகம் வீங்கியிருந்தது.

"உன் மச்சானுக்குக் காலு...?"

"டாக்டருங்க இன்னும் ஒண்ணும் சொல்லலடா."

"நான் இருந்திருந்தா..."

"நீயா போன? அனுப்பினாங்க. கொக்கிய எடு."

"எல்லார் மேலயும் நடவடிக்கை வரும்!" என்றார் அதிகாரி. குரலில் பலம் இல்லை. ஜீப்புக்குள் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

பெரிய பொதி ஒன்றில் நாலைந்து கொக்கிகள் ஒன்றாய் விழுந்தன. பொதி பிளந்தது. உள்ளே கங்கு சிவந்து கண் விழித்தது.

"இங்க தண்ணி விடு!" எல்லோரும் ஒரே குரலாய்க் கத்தினார்கள்.