பீங்கான் கொட்டகைக்கு வந்த கத்தரிக்காய்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் மின்சாரப் பியூஸ் கட்டைகளை அச்சில் வார்க்கும் சிவசங்கரிக்கு, மழைக்காலக் காய்கறித் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசக் கூட்டிய கூட்டத்துக்குப் போகவே மனமில்லை. போன வருட மழை ரோட்டை அரித்துக்கொண்டு போனதில் ஐந்து நாள் காய்கறி லாரி வரவில்லை. பிள்ளைகளுக்கு ரசத்தையும் ஊறுகாயையும் போட்டே ஓட்டினாள். அதைப் பேசி இனி என்ன ஆகப்போகிறது? தோட்டக்கலை அலுவலர் தமிழ்மணி நேரில் வந்து கூப்பிட்டதால்தான் போனாள்.

சமுதாயக் கூடத்தில் தமிழ்மணி பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. சாக்பீஸைக் கொடுத்து, அவரவர் வீட்டுக்குக் காய் எங்கிருந்து வருகிறது என்று தரையில் கோடு போடச் சொன்னார். பேட்டைப் பெண்கள் போட்ட கோடுகளெல்லாம் ஒரே ரோடு வழியாக வெளியூர் மார்க்கெட்டில் போய் முடிந்தன. பக்கத்துக் கம்மாபுரத்திலிருந்து வந்திருந்த விவசாயிகளின் கோடுகளும் அதே மார்க்கெட்டுக்குத்தான் போயின.

மூலையில் உட்கார்ந்திருந்த பூவாயி என்ற விவசாயப் பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அந்த அஞ்சு நாளும் நாங்க கத்தரிக்காய மாட்டுக்குப் போட்டோம்ங்க. லாரி வரல, வேற என்ன பண்றதுன்னு தெரியல."

சிவசங்கரிக்குச் சுருக்கென்றது. "நாங்க இங்க வெறும் ரசஞ்சோறு தின்னுகிட்டு இருந்தோம்க்கா," என்றாள்.

பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். வெள்ளத்தில் முழுகாத ஏரிக்கரைப் பாதை ஒன்று உண்டு, டூவீலர் போகும் என்றார்கள் கம்மாபுரத்துக்காரர்கள். இறக்கி வைக்க இடம் வேண்டுமே! சிவசங்கரி தன் முதலாளி ஆதிநாராயணனிடம் போய் நின்றாள். பீங்கான் சாமான்களைக் காயவைக்கும் அவருடைய கொட்டகை மேட்டில் இருந்தது, ஒழுகாது. சாமான் உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்.

"நாந்தாங்க."

இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பாதிக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார்.

கம்மாபுரத்துக் காய் நேராகக் கொட்டகைக்கே வரத் தொடங்கியது. முதல் சில வாரம் தடுமாற்றம்தான். வெண்டைக்காய் முற்றிப்போய் வந்த அன்று இரண்டு தரப்புக்கும் சண்டையே வந்தது. உட்கார்ந்து பேசி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிப்பது என்று முடிவு செய்தார்கள்.

கார்த்திகை மழையில் மறுபடி ரோடு அரித்துப்போனது. காலையில் பெண்கள் கூடைகளோடு கொட்டகை வாசலில் நின்றார்கள். சிவசங்கரி பாதையையே எட்டி எட்டிப் பார்த்தாள். எட்டு மணி வரை ஒருவரும் வரவில்லை. அப்புறம் சேறு அப்பிய ஏழு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. முதல் வண்டியின் பின்சீட்டில், மூட்டையை இறுக்கிப் பிடித்தபடி பூவாயி.

இறங்கி முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "தை மாசம் என்ன போடட்டும்னு உங்க ஆளுங்கள கேட்டுச் சொல்லும்மா. நீங்க திங்கறதத்தான போடணும்."

அவரைக்காய் போடட்டும் என்றாள் ஒருத்தி. கொத்தவரைதான் என்றாள் இன்னொருத்தி. சிவசங்கரி சிரித்துக்கொண்டே தராசை எடுத்து வைத்தாள்.