மூன்றாம் கிண்ணத்துப் பட்டு

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, ஆரணியில் என் வீட்டு முன்கூடத்தில் ஐந்து பேர் கூடினோம். என் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு காப்பிக்கொட்டை வறுத்து விற்கும் திரிசலா. அடுத்த வீட்டுப் பட்டுச்சேலை வியாபாரி லோகநாதன். அவர் மனைவி ராதிகா. லோகநாதனிடம் நூல் வாங்கி முள்ளிப்பட்டில் தறி நெய்யும் முருகேசன். வீட்டுக்காரியும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியையுமான நான். திரிசலா கொட்டை வறுக்கும் புகை லோகநாதனின் சேலைகளில் ஏறுகிறதா இல்லையா என்பதே கேள்வி. ஏறுகிறது என்று உறுதிப்பட்டால் அவள் காலி செய்ய வேண்டும். அதற்கு அவளே முன்கூட்டிச் சம்மதித்திருந்தாள்.

திரிசலா போளூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண். வயது நாற்பதை நெருங்குகிறது. பெங்களூரில் ஒரு காப்பி நிறுவனத்தில் சுவை பார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தாள். பிறருக்காக நாவை வாடகைக்கு விட்டது போதும் என்று வேலையை விட்டு வந்தாள். ஒரு தடவைக்கு மூன்று கிலோ மட்டுமே வறுக்கக்கூடிய சிறிய இயந்திரம் ஒன்றை என் பின்கட்டில் இறக்கினாள். ஏற்காட்டில் ஒரே ஒரு தோட்டத்திலிருந்து பச்சைக்கொட்டை வரவழைத்தாள். ஒவ்வொரு மூட்டையையும் முறத்தில் கொட்டி, பூச்சி துளைத்த கொட்டைகளை விரலால் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் வறுப்பாள். காலையில் வறுவல், பிற்பகலில் சுவை பார்ப்பது. பொழுது சாய்ந்தபின் அவள் வாயில் தண்ணீர்கூடப் படாது. அது அவள் வீட்டு வழக்கம். ஆகவே எல்லா வேலையும் வெளிச்சம் இருக்கும்போதே ஒழுங்காக முடிந்துவிடும். வாடகைக்கு இருப்பவர்களில் இத்தனை ஒழுங்கை நான் கண்டதில்லை.

வந்த புதிதில் ஒரு பிற்பகல், பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பியை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"வரக்காப்பி காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பது. எனக்குக் காய்ச்சல் இல்லை" என்றேன்.

"ஒரு வாய் குடிச்சிட்டுத் திட்டுங்கம்மா. குடிக்காமத் திட்டுனா அது நியாயமில்ல."

நியாயம் என்று சொல்லிவிட்டதால் குடித்தேன். முதல் வாயில் புளிப்புத்தான் தெரிந்தது. அடுத்த வாயில் அந்தப் புளிப்பு கமலா ஆரஞ்சின் தோலை நகத்தால் கீறினாற்போல் மணத்தது. ஆறியபின் வேறொன்றாக மாறி, வாயின் பின்பக்கத்தில் வெல்லப்பாகின் இனிப்பாக நின்றது.

"இதில் என்ன கலந்தாய்?"

"ஒண்ணுமே கலக்கல. கொட்டையிலயே இருக்குது. கருக்கி வறுத்தா செத்துப்பூடும். அதான் கொஞ்ச கொஞ்சமா வறுக்குறேன்."

அறுபத்தொன்பது வயது வரை நான் காப்பி என்று குடித்து வந்தது பாலையும் சிக்கரியையும் என்பது அன்று எனக்குத் தெளிவாயிற்று. அதன்பின் நாள்தோறும் பிற்பகலில் அவள் பின்கட்டுக்குப் போனேன். ஐந்து கிண்ணங்களில் ஐந்து வறுவல்களை அடையாளமின்றி வரிசையாக வைப்பாள். கரண்டியால் உறிஞ்சி, சுவைத்து, உமிழ்ந்து, மனத்தில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும். பிடித்தவருக்காகவோ பகைத்தவருக்காகவோ மாற்றிச் சொல்ல அதில் இடமே இல்லை. பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் நான் தேடிய நேர்மை அந்தக் கிண்ணங்களில் இருந்தது.

இவ்வாண்டு மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் புகை மேலே எழாமல் தாழ்ந்து படர்ந்தது. லோகநாதனின் சேலை வைக்கும் அறைக்கும் என் பின்கட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அச்சுவரின் உச்சியில் ஒரு சன்னல் துவாரம். ஜூலையில் ஒரு காலை லோகநாதன் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வாசலில் நின்றார்.

"டீச்சரம்மா, பெங்களூரு கடைக்காரன் முகூர்த்தச் சேலை அத்தினியும் திருப்பி அனுப்பிட்டான். பிரிச்சா ஓட்டல் வாசனை அடிக்குதாம். பெரிய பேஜாரா போச்சு."

அவருக்குப் பின்னால் ராதிகா வந்துகொண்டிருந்தாள். "கல்யாணப் பொண்ணு அதைக் கட்டிகினு மணையில உக்காந்தா, வர்றவங்க எல்லாம் டம்ளர் எங்கன்னு கேப்பாங்க, டீச்சர்" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

திரிசலா புகைக்குழாயைக் கூரைக்கு மேல் உயர்த்தினாள். பயனில்லை. துவாரத்தை அடைத்துப் பார்த்தார்கள். காற்றோட்டமின்றிச் சேலைகளில் பூஞ்சை பூக்கத் தொடங்கியதால் மறுபடி திறந்தார்கள். திரிசலா களம்பூரில் ஓர் இடம் பார்த்து இரண்டு மூட்டைப் பச்சைக்கொட்டையை வைத்துவிட்டு வந்தாள். ஒரு வாரத்தில் கொட்டை முழுவதும் அவித்த நெல்லின் வாடையை இழுத்துக்கொண்டது; அந்த ஊரில் அரிசி ஆலையில்லாத பக்கம் ஏது? சந்தவாசல் அருகே கிடைத்த கொட்டகை ஒழுகியது. ஆரணிக்குள்ளோ எந்தத் தெருவுக்குப் போனாலும் சுவருக்கு அப்பால் பட்டு இருந்தது. பட்டும் கொட்டையும் ஒரே குணமுடையவை. அருகில் இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு விடாது.

"காலி பண்ணச் சொல்லுங்க" என்றார் லோகநாதன்.

"சேலையில் புகை இருப்பதை மெய்ப்பித்தால் சொல்கிறேன்" என்றேன். அவள் கிண்ணமுறையையே இதற்கும் எடுத்துக்கொள்வதென்று ஏற்பாடு செய்தேன்.

ஒரே தறியில் இறங்கிய வெண்ணிறப் பட்டு ஜாக்கெட் துணித் துண்டுகள் ஐந்தை முருகேசன் கொடுத்தான். நான்கு அவன் வீட்டிலேயே இருந்தன. ஒன்று மட்டும் லோகநாதனின் அறையில் ஒரு வாரம் தொங்கியது. கூடிய அன்று ஐந்தையும் கழுவித் துடைத்த எவர்சில்வர் கிண்ணங்களில் மடித்து வைத்துத் தட்டுகளால் மூடினேன். எந்தக் கிண்ணத்தில் எது என்பது எனக்கு மட்டுமே தெரியும். கிண்ணங்களை இடம் மாற்றி வைத்து இரண்டு முறை கேட்பேன்; கூடியவர்களில் ஒருவரேனும் தடுமாறாமல், புகையேறிய துண்டை இரண்டு முறையும் சரியாகச் சொல்ல வேண்டும்; இல்லையெனில் குற்றச்சாட்டு தள்ளப்படும். இதுவே நான் வகுத்த விதி. உண்மையைச் சொன்னால், முந்தின நாளே நான் ஐந்தையும் முகர்ந்து பார்த்திருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆகவே அவர்களுக்கும் தெரியாது என்று நம்பியிருந்தேன்.

லோகநாதன் முதலில் குனிந்தார். இரண்டாவது என்றார். கிண்ணங்களை மாற்றி வைத்தபின் ஐந்தாவது என்றார். இரண்டும் தவறு.

"மூக்கா அது, சும்மா கண்ணாடி நிக்கறதுக்கு வெச்சுகினு இருக்கியா?" என்றாள் ராதிகா. அவளுடைய இரண்டு விடைகளும் தவறாயின.

முருகேசன் ஒவ்வொன்றையும் நெடுநேரம் முகர்ந்தான். "எனக்கு அஞ்சுலயும் தறிப் பாவுக்குப் போடுற கஞ்சி வாசனைதாங்க வருது. பொறந்ததுலேர்ந்து அதான் வருது."

லோகநாதன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நான்தான் பொய் சொல்றவன். தெருவுல அப்படியே பேசிக்கட்டும்" என்று எழுந்திருக்கப் போனார்.

அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் விதி எல்லாருக்கும் பொது என்பது என் இரத்தத்தில் ஊறியது. "திரிசலாவும் பார்க்க வேண்டும்" என்றேன். சம்பிரதாயத்துக்காக அவள் குனிவாள், தெரியவில்லை என்பாள், காரியம் ஒழுங்காக முடிந்துவிடும் என்றே எண்ணினேன்.

அவள் கிண்ணங்களின் முன் அமர்ந்தாள். சுவை பார்க்கும்போது இருப்பதுபோலவே முதுகை நிமிர்த்திக்கொண்டாள். முதல் கிண்ணத்தின் தட்டைச் சிறிது விலக்கி முகர்ந்து மூடினாள். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதில் நின்றாள். நான்காவதையும் ஐந்தாவதையும் பார்த்துவிட்டு மூன்றாவதற்கே திரும்பினாள்.

"இதுதான்" என்றாள்.

கிண்ணங்களை மாற்றி வைத்தேன். இப்போது அது முதலில் இருந்தது. அவள் முதலாவதைத் தொட்டாள்.

"புதன்கிழமை வறுவல். அன்னிக்கு ஒரு தடவை கொஞ்சம் கருகவிட்டுட்டேன். அந்தக் கருகல்தான் இதுல இருக்குது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சரியா தவறா என்று சொல்லக்கூடியவள் நான் ஒருத்தியே. தவறு என்று ஒரு சொல் சொன்னால் அவள் இங்கேயே இருப்பாள்; பிற்பகல் கிண்ணங்கள் இருக்கும்; என் எஞ்சிய நாட்களில் எதிர்பார்த்துக் காத்திருக்க ஒன்று இருக்கும். அவள் என்னைப் பார்க்கவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றேன்.

வென்ற லோகநாதனே அதிகம் கலங்கினார். "ஏம்மா, தெரியலன்னு சொல்லிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல? நாங்க மூணு பேரும் கோட்டை விட்டாச்சு. நானே எழுந்து போயிகினு இருந்தேன்."

"வாசனைய மாத்திச் சொல்லிட்டா, நாளைக்கு வறுக்கும்போது எந்த மூக்கை நம்புறதுண்ணா?"

"நாளைக்கு வறுக்க இடம் வேணுமேம்மா!" என்றாள் ராதிகா.

திரிசலா கிண்ணத்தைத் தட்டால் மூடிவிட்டு லோகநாதன் பக்கம் திரும்பி, "பெட்டியில மூடி வெச்சா இது ஏறும்ணா, குறையாது. அந்த ரூம்ல இருக்கற சேலைங்கள இப்பவே வேற எடத்துக்கு மாத்திடுங்க. தீபாவளிச் சரக்காவது தப்பிக்கட்டும்" என்றாள்.

மழை குறைந்தபின் வறுக்கலாமா என்று நான் கேட்டேன். கார்த்திகை வரை மழை குறையாது. அதுவரை வறுக்காவிட்டால் வாங்குபவர்கள் வேறிடம் போய்விடுவார்கள் என்றாள். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் வறுத்தால் என்ன என்றேன். ஒருநாள் புகையும் புகைதான் என்றார் லோகநாதன். அவர் குரலில் பகை இல்லை. பகை இருந்திருந்தால் நான் வாதாடியிருப்பேன். முருகேசன் தன் வீட்டுக் கொல்லையைத் தருவதாகச் சொன்னான்; சொல்லும்போதே அங்கே மூன்று தறிகள் இருப்பது அவனுக்கே நினைவு வந்து நிறுத்திக்கொண்டான்.

பொழுது சாயுமுன் அவள் எல்லாருக்கும் காப்பி போட்டாள். லோகநாதன் பால் கேட்காமலே குடித்தார். பாதியில் நிறுத்தி, கோப்பைக்குள் உற்றுப் பார்த்தார். "இன்னாம்மா இது, இப்படிக் கீது? இத்தனை நாளு பக்கத்துலயே இருந்துகினு ஒரு வாய் கேக்கலியே நானு" என்றார். அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றப்பட்டது.

இறுதியாக முடிவு செய்யப்பட்டவை இவை. திரிசலா அன்று முதல் வறுப்பதில்லை. இயந்திரத்தைப் பெங்களூரில் அவள் முன்பு வேலை பார்த்த நிறுவனமே எடுத்துக்கொள்ளும். செப்டம்பர் முதல் அவள் அங்கேயே மீண்டும் சுவை பார்க்கும் வேலையில் சேருவாள். ஏற்காட்டுத் தோட்டத்துக்கு இனிக் கொட்டை வேண்டாம் என்று அவளே தொலைபேசியில் சொல்லிவிடுவாள். பின்கட்டுச் சுவர்களுக்கு இருமுறை சுண்ணாம்பு அடித்தபின், அதை லோகநாதன் சேலை வைக்க எடுத்துக்கொள்வார். அதற்கு நான் ஒப்புதல் கொடுத்தேன்.