எவெலியோ தெளித்த சுவர்

மகன் ஆர்துரோ ஈரப் பஞ்சால் நடைச் சுவரைத் தேய்த்தான். பிறகு சுரண்டும் சத்தம் கேட்டது.

"வருதும்மா! தண்ணி பட்டா உதிர்ற ரகப் பெயிண்ட்தான். தப்பிச்சோம்!"

உதிராவிட்டால் மேலேயே பட்டி பூசி மூடிவிடுவேன் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தான். எப்படியும் சுவர் வழவழப்பாகப் போகிறது. நான் தொலைந்தேன்.

சில வருஷமாக எனக்குக் கண் தெரியாது. அது என் கணவர் எவெலியோவுக்கு மட்டும்தான் தெரியும். அவரும் போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகளிடம் நாங்கள் மூச்சு விடவில்லை. தெரிந்தால் மகள் பெலேன் என்னை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். நல்லவள்தான், ஆனால் எடுத்த காரியத்தை விடமாட்டாள்.

இந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடமாடுகிறேன். ஆர்துரோ பிறந்த வருஷம் எங்கள் ஊர் சரகோசாவில் எல்லாருக்கும் கோத்தெலே பைத்தியம். கெட்டிப் பெயிண்டை மெஷினால் சொட்டுச் சொட்டாகச் சுவரில் தெளித்து அப்படியே காயவிடுவது. கொத்தனார் விட்ட மேடுபள்ளமெல்லாம் அதில் மறைந்துவிடும். எவெலியோ வாடகைக்கு மெஷின் எடுத்துத் தானே அடித்தார். வாசல் பக்கம் வீரமாக ஆரம்பித்ததில் புள்ளிகள் கொண்டைக்கடலை அளவு. குளியலறைப் பக்கம் போகப் போகக் கை ஓய்ந்து கடுகு அளவு. விரலை வைத்தாலே எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இப்போது நாடே அதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. முழங்கையைக் கிழிக்கிறதாம், தூசி அடைகிறதாம். அப்பா செத்த துக்கத்தை என்ன செய்வதென்று தெரியாத ஒருவனுக்கு லீவும் கிடைத்தால் வேறு எதைச் சுரண்டுவான்?

"இருக்கட்டும்டா, பழகிப்போச்சு" என்றேன்.

"பழகிட்டா அசிங்கம் அழகாயிடுமா? நீ கம்முனு உக்காரு. முடிஞ்சதும் நீயே அசந்துபோவ."

உட்கார்ந்தேன். சண்டை போடத் தெம்பில்லை. அடக்கத்தன்றுகூட நான் அழவில்லை. எல்லாம் மரத்துப் போயிருந்தது. எவெலியோ தெளித்த புள்ளிகள் தரையில் விரித்த பிளாஸ்டிக் தாளில் சொத்துச் சொத்தென்று விழுந்தன. நெஞ்சில் ஏதாவது கிளம்பும் என்று காத்திருந்தேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிறதோ என்ற நினைப்புதான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் சுரண்டல் நின்றது.

"என்னம்மா இது? இடுப்பு உயரத்துல ஒரு அழுக்குக் கோடு. வாசல்லேர்ந்து குளியலறை வரைக்கும் போகுது. அந்த இடத்துல புள்ளியெல்லாம் தேஞ்சே போச்சு."

"கால் வலிக்காரி சுவத்தப் பிடிச்சு நடந்தா கோடு விழாம கோலமா விழும்?"

அவன் சிரிக்கவில்லை. மறுபடி சுரண்ட ஆரம்பித்தான், முன்னைவிட மெதுவாக.

பட்டி பூசி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். வீடெல்லாம் மாவாகத் தூசி. கடைசியில், "வந்து பாரும்மா" என்றான்.

நடையில் கால் வைத்தேன். விரல் வழுக்கிக்கொண்டே போனது. எங்கும் ஒரே மாதிரி. சமையலறை தாண்டிவிட்டதா, இல்லையா? என் சொந்த வீட்டில், நடு நடையில், திருதிருவென்று நின்றேன்.

"அம்மா, இந்தப் பச்சை கொஞ்சம் அடர்த்தியோ?" பக்கத்திலிருந்து கேட்டான்.

"சேச்சே. கண்ணுக்குக் குளுமையா இருக்கு."



"நான் பெயிண்ட் டப்பாவை இன்னும் திறக்கவே இல்லம்மா."

கையைச் சுவரிலிருந்து எடுக்க எனக்குப் பயமாக இருந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கு மட்டும்தான் தெரியும்."

அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு போனில் எண்ணை அழுத்தினான். பெலேனுக்குத்தான். முடிந்தது கதை என்று நினைத்தேன். அதற்கும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

"ஹலோ, வாடகைக் கடையா? கோத்தெலே மெஷின் இருக்கா?... இல்லீங்க, சுரண்டுறதுக்கு இல்ல. அடிக்கறதுக்கு... ஆமாங்க, இந்தக் காலத்துலதான். புதுசா."

மறுமுனையில் ஒரு ஆள் வாய்விட்டுச் சிரித்தது எனக்கே கேட்டது.

"நல்லா சிரிங்க. இருக்கா, இல்லையா?" என்றான் ஆர்துரோ. அவன் குரல் உடைந்திருந்தது.

இப்போதாவது நான் அழுதிருக்க வேண்டும். கண்ணீர் வரவில்லை. தொண்டை மட்டும் வலித்தது, அவர் போன பிறகு முதல்முறையாக.

"டேய், வாசல்கிட்ட பெருசா அடிக்கணும்" என்றேன். "குளியலறைகிட்ட வரும்போது உங்கப்பா மாதிரி சோர்ந்து போய் அடி."