அப்பாவின் விரல் தெரியும் அளவுக்கு

அய்யாக்கண்ணு கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகுகளின் டீசல் என்ஜினைப் பழுது பார்ப்பவர். அவருடைய மகன் எழிலரசனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் எழிலோடு பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் அம்மா பொன்னுத்தாய்க்குத்தான். அம்மாவும் மகனும் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட சைகைகள் அவை. எழில் பள்ளியில் படித்துவந்த சைகை மொழியை அக்கா தேவிப்ரியாவும் அவனிடமே கற்றுக்கொண்டாள். அப்பாவுக்கு எதுவும் வராது. மகனிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால், "ஏ பொன்னு, அவன்ட்ட இதச் சொல்லு" என்பார். அவ்வளவுதான்.

எழில் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அங்கேயே வேலை பார்க்கும் இலக்கியாவுக்கும் அவனுக்கும் கல்யாணம் நிச்சயமானது. திருமயம் பக்கத்துப் பெண். அவளுக்கும் காது கேட்காது. நிச்சயதார்த்தத்தில் பொன்னுத்தாய் தன் சைகைகளால் அவளிடம் ஏதோ கேட்டுப் பார்த்தாள். இலக்கியாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவளுக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்துச் சைகை மொழி மட்டும்தான்.

அய்யாக்கண்ணு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு மகளிடம் கேட்டார்.

"ஆத்தா, அந்தப் பிள்ளைட்ட நான் ஒரு வார்த்த பேசணும்னா என்ன செய்யணும்?"

"நான் சொல்லித் தாரேன்ப்பா. கத்துக்கிறீங்களா?"

"இந்தக் கையிக்கு வருமா?"

தடித்து, நகக்கண்ணெல்லாம் கிரீஸ் ஏறிய கைகள். ஆனாலும் அவர் விடவில்லை. தேவிப்ரியா அறந்தாங்கியில் குடியிருந்தாள். அங்கே ஒரு இ-சேவை மையத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து சொல்லிக்கொடுப்பாள். மற்ற நாட்களில் அவர் பட்டறையில் நின்று தனியாகப் பழகுவார். படகுக்காரர் ஜெரால்டு ஒருநாள் பார்த்துவிட்டு, "என்ன மாமா, காத்துல நட்டு முடுக்குறீங்களா?" என்று கேட்டாராம்.

தேவிப்ரியாவுக்கு வீடியோ எடிட்டிங் மேல் ஒரு பைத்தியம். ஆவுடையார்கோவில் தேர், படகுக்குப் பெயிண்ட் அடிப்பது, மழையில் நனையும் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்ட் என்று கண்ணில் பட்டதையெல்லாம் போனில் எடுத்து, லேப்டாப்பில் வெட்டி ஒட்டிச் சின்னச் சின்னப் படமாக்குவாள். எழிலின் கல்யாண வரவேற்பில் போடுவதற்கு ஒரு பத்து நிமிடப் படம் செய்ய நினைத்தாள். அதில் அப்பா மருமகளிடம் பேசுகிற ஒரு பகுதி வேண்டும் என்பது அவர் விருப்பம். அதை ஒரு மாலையில் படகுத்துறையில் வைத்து எடுத்தாள். அய்யாக்கண்ணு வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். பின்னால் படகுகள், அவற்றுக்குப் பின்னால் வெயில் பட்டு மினுங்கும் கடல். ஒரே மூச்சில், தடங்கலில்லாமல் சைகை செய்து முடித்தார். முடித்ததும் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். வேர்த்திருந்தது.

அந்தப் பகுதியை மட்டும் முன்னோட்டமாக எழிலுக்கும் இலக்கியாவுக்கும் அனுப்பலாம் என்று தேவிப்ரியாவுக்கு ஆசை. எப்போதும் போடும் அளவிலேயே சுருக்கினாள். பார்க்கிறவர்களின் டேட்டா தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, பிட்ரேட்டை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது அவள் பழக்கம். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. வாட்ஸப்பில் அனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு அப்பாவும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எழிலின் பதில் வந்தது. தேவிப்ரியா யோசிக்காமல் சத்தமாக வாசித்துவிட்டாள்.

"அப்பா என்ன சொல்றாங்க? ரெண்டு பேருக்கும் புரியல."

அய்யாக்கண்ணு சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "சரி, அத எடுத்துரு. நீயே பேசிரு" என்றார். பிறகு எழுந்து கை கழுவப் போனார். பொன்னுத்தாய் பின்னாலேயே போய், "ஏங்க, மீன் கெடக்குல்ல" என்றாள்.

தேவிப்ரியா தம்பிக்குத் திரும்ப எழுதினாள். சைகை தப்பா? அவன் உடனே பதில் போட்டான். "தப்பான்னே தெரியல. விரலே தெரியல. எல்லாம் ஒட்டிக்கிட்டு மாவு மாதிரி இருக்கு."

அவள் தான் அனுப்பியதை முதல்முறையாகச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாள். அப்பாவின் முகம் தெளிவாக இருந்தது. சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. கைகள் அசையும்போது மட்டும் விரல்கள் ஒன்றோடொன்று கரைந்து, சதுரம் சதுரமாக உடைந்து, கை நின்ற பிறகுதான் மறுபடி விரலாயின. காது கேட்கிறவர்களுக்காகப் படம் செய்தே பழகியவளுக்கு இது கண்ணில் பட்டதே இல்லை. இசைக்கு மட்டும் உயர்ந்த அளவு கொடுத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

வாட்ஸப் நசுக்கியிருக்கும் என்று நினைத்து, சுருங்காமல் அப்படியே போகும்படி டாக்குமெண்டாக அனுப்பினாள். கொஞ்சம்தான் தேறியது. பிட்ரேட்டை இரண்டு மடங்காக்கினாள். அப்போதும் விரல் முழுதாக வரவில்லை. அவளுடைய மற்ற படங்களில் இவ்வளவு கொடுத்தாலே கண்ணாடி மாதிரி இருக்கும். இதில் மட்டும் ஏன் இப்படி? படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் பின்னால் மினுங்கிய கடல் கண்ணில் பட்டது.

அன்று சாயங்காலமே பட்டறைக்குப் போனாள். அப்பா ஒரு பம்பைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"அப்பா, இங்கிட்டு வந்து பாருங்க."

"வேணாம்த்தா. என் கை சரியில்ல. விடு."

"ஒங்க கை நல்லாத்தான் இருக்கு. நான்தான் கெடுத்தேன். வாங்கப்பா."

லேப்டாப்பில் முதலில் போனில் எடுத்த மூலத்தைக் காட்டினாள். ஒவ்வொரு விரலும் தனித்தனியாக, கட்டைவிரலின் பழைய தழும்புவரை தெரிந்தது. பிறகு அனுப்பியதைக் காட்டினாள். அய்யாக்கண்ணு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"என்னாத்தா இது? உருகிப் போன மாதிரி இருக்கு."

"படத்தச் சுருக்குறதுக்குக் கோடெக்னு ஒண்ணு இருக்குப்பா. எது அசையலையோ அத மறுபடி எழுதாது. முந்துன படத்துல இருக்கிறதையே எடுத்துப் போட்டுக்கும். எது அசையுதோ அத மட்டும் புதுசா எழுதும். ஒரு செகண்டுக்கு இவ்வளவுதான் எழுதலாம்னு நான் ஒரு அளவு குடுக்குறேன். அதுதான் பிட்ரேட்டு. ஒங்க மூஞ்சி அசையல, சட்ட அசையல. அசைஞ்சது ஒங்க கையும் கடலும். கடல்ல ஒவ்வொரு மினுக்கும் மாறிக்கிட்டே இருக்கா, குடுத்ததுல முக்காவாசிய அதுவே தின்னுருச்சு. கையிக்கு மிச்சம் இல்ல."

அவர் திரையையே பார்த்தார். "ஒரே டேங்க்ல ரெண்டு என்ஜின மாட்டுன கதை."

"அதேதான்."

"அப்ப நான் சொன்னது தப்பில்ல?"

"ஒண்ணுகூடத் தப்பில்லப்பா."

அய்யாக்கண்ணு பம்புக்குத் திரும்பினார். ஒரு போல்ட்டைக் கையில் எடுத்துச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார். தேவிப்ரியா, வீட்டுச் சுவர் முன்னால் நிற்க வைத்து மறுபடி எடுத்துவிடலாமா என்று கேட்டாள். சுவர் அசையாது, வேலை சுலபம். அவர் தலையாட்டி மறுத்தார்.

"கடலுதான்த்தா எனக்குச் சோறு போடுற எடம். அந்தப் பிள்ளை அதையும் சேத்துப் பாக்கட்டும். டீசலக் கூட்டி விடு."

கூட்டுவதென்றால் எவ்வளவு? அங்கேதான் சிக்கல். எச்.265 என்ற புதிய கோடெக்கில் அதே தெளிவு பாதி அளவுக்குள் வந்துவிடும். ஆனால் அது எழிலின் பழைய போனில் திணறியது. மண்டபத்தில் திரை போடுகிறவரும், "அக்கா, நம்ம சிஸ்டத்துல அது நின்னு நின்னு ஓடும்" என்று கைவிரித்துவிட்டார். ஆகவே பழைய எச்.264. பிரேம்களையும், அதாவது ஒரு செகண்டில் ஓடும் படங்களையும், பாதியாகக் குறைக்காமல் எடுத்தபடி ஐம்பதாகவே விட வேண்டும், இல்லாவிட்டால் வேகமான சைகை தாவும். எந்த பிட்ரேட்டில் விரல் முழுசாக வாசிக்கக் கிடைக்கிறது என்பதைக் காது கேட்கிற அவளால் தீர்மானிக்க முடியாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் திருப்பூரில் இருந்தார்கள்.

ஆனால் கல்யாணத்துக்கான பேச்சை இனி முன்கூட்டி அனுப்பக் கூடாது என்று அய்யாக்கண்ணு சொல்லிவிட்டார். "புரியுறதுன்னா அன்னைக்கே புரியட்டும்."

"அப்ப சோதனைக்கு வேற ஏதாவது பேசுங்கப்பா. அதே எடத்துல, கடல் தெரிய."

"என்னத்தப் பேச?"

"காலையில என்ன சாப்ட்டீங்கன்னு சொல்லுங்க."

அவர் படகுத்துறையில் நின்று, இடியாப்பம் சாப்பிட்டேன், தேங்காய்ப்பால் குறைவு என்று சைகையில் சொன்னார். அதைத் தேவிப்ரியா மூன்று அளவுகளில் எக்ஸ்போர்ட் செய்து, மூன்றையும் டாக்குமெண்டாக இருவருக்கும் அனுப்பினாள். எதை வாசிக்க முடிகிறது?

எழில் எந்த எண் என்று மட்டும் எழுதினான். இலக்கியா ஒரு வீடியோவே அனுப்பிவிட்டாள். ஹாஸ்டல் ஜன்னல் பக்கம் நின்று, மிக மெதுவாக, ஒவ்வொரு சைகையாகச் செய்திருந்தாள். மூன்றாவதுதான் நன்றாக இருக்கிறது, இரண்டாவதில் 'தேங்காய்' புரியவில்லை, இங்கே ஹாஸ்டலில் தினமும் உப்புமா.

தேவிப்ரியா அதை வார்த்தையாக்கத் தொடங்கினாள். அய்யாக்கண்ணு அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "இரு, இரு. நான் பாக்குறேன்." ஓடவிட்டுப் பார்த்தார். மறுபடி ஓடவிட்டார். 'உப்புமா' மட்டும் அவருக்குத் தெரியாத சொல். அதை மட்டும் மகளிடம் கேட்டார். புரிந்ததும் சத்தம் போட்டுச் சிரித்தார். பொன்னுத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அடுத்த சோதனைக்கு அவரே விஷயத்தோடு வந்தார். ஜெரால்டின் படகு நடுக்கடலில் நின்றுபோய், கயிறு கட்டி இழுத்து வந்த கதை. அது நீளமாக இருந்தது. கயிற்றைக் காட்ட இரண்டு கையையும் வீசியதில் நன்றாக இருந்த அந்த மூன்றாவது அளவுகூடக் கொஞ்சம் தடுமாறியது. தேவிப்ரியா இன்னும் ஏற்றினாள். இலக்கியா பதிலுக்கு, படகில் யாராவது இருந்தார்களா, பயந்தார்களா என்று கேட்டிருந்தாள். கேள்வி கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும்? அவர் மறுபடி வெள்ளைச் சட்டை போட்டார். நாலைந்து முறைக்குப் பிறகு சட்டை மாற்றுவதையும் விட்டுவிட்டு, கிரீஸ் கையோடே பேசினார். எழிலும் இடையில் வந்து, அப்பாவின் ஒரு சைகையைத் திருத்தி அனுப்பினான். அய்யாக்கண்ணு அந்த வீடியோவை மட்டும் அழிக்கவிடவில்லை. மகன் அவருக்கு நேராகச் சொன்ன முதல் விஷயம் அதுதான்.

சரியான அளவு கிடைத்தது. தேவிப்ரியா இசையைக் குறைத்து, கடல் சத்தத்தை மட்டும் மெல்ல விட்டு, படத்தை முடித்தாள். அவள் அதுவரை செய்ததிலேயே கனமான ஃபைல் அது. பென்டிரைவில் ஏற்றி வைத்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் வந்து உட்கார்ந்ததும் அப்பா அருகில் வந்து நின்றார்.

"இன்னைக்கு டெஸ்ட்டு எதுவும் எடுக்கலையா?"

"முடிஞ்சிருச்சுப்பா. அளவு தெரிஞ்சுபோச்சு."

"ஓ." அவர் போகவில்லை. "அந்தப் பிள்ளைக்கு முந்தாநேத்து காச்சல்னு எழிலு சொன்னான். கேக்கணும்ல?"

தேவிப்ரியா போனை எடுத்துக்கொண்டு அவரோடு துறைக்கு நடந்தாள்.

வரவேற்பு அறந்தாங்கியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. திருப்பூரிலிருந்து எழிலின் நண்பர்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். பெரிய திரையில் படம் ஓடியது. அப்பாவின் பகுதி வந்தபோது தேவிப்ரியா திரையைப் பார்க்காமல் இலக்கியாவின் முகத்தையே பார்த்தாள். விரல்கள் ஆளுயரத்துக்குத் தெரிந்தன, ஒன்றுகூடக் கரையவில்லை.

அவர் சொன்னது சின்னப் பேச்சுதான். இலக்கியா, நான் எழிலின் அப்பா. என் மகனோடு இத்தனை வருஷம் அவன் அம்மாவின் கை வழியாகவே பேசினேன். உங்கள் இரண்டு பேரோடும் நானே பேச ஆசைப்படுகிறேன். என் கை மெதுவாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நண்பர்கள் அத்தனை பேரும் கைகளை உயர்த்தி விரல்களை அசைத்தார்கள். காது கேட்காதவர்கள் கைதட்டுவது அப்படித்தான். மற்ற உறவினர்கள் அவர்களைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, தாங்களும் கைகளைத் தூக்கினார்கள். எழில் மேடையில் தலை குனிந்து நின்றான். பொன்னுத்தாய் அவன் தோளைத் தட்டி, தன் பழைய சைகையில் ஏதோ சொன்னாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

இலக்கியா மாலையோடு மேடையை விட்டு இறங்கி வந்து, முதல் வரிசையில் இருந்த அய்யாக்கண்ணுவின் எதிரே நின்றாள். வேகமாக ஏதோ சொன்னாள். தேவிப்ரியா பழக்கத்தில் முன்னால் போனாள்.

"நீ போத்தா," என்றார் அப்பா. பிறகு மருமகளைப் பார்த்து, மெதுவாக, மறுபடி சொல்லு என்று கையைக் காட்டினார். அவள் மறுபடி, இந்த முறை நிதானமாகச் சொன்னாள். அவருக்குப் புரிந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அவளை உட்காரச் சொன்னார்.