பின்கட்டில் பதினோரு விருந்தினர்

மாளிகையின் பின்கட்டைத் தடுத்து அறைகளாக்கி, நுழைவுத் தேர்வுப் பயிற்சி வகுப்புப் பையன்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று மருமகள் சஜ்ஜன் கன்வர் முடிவு செய்தபோது நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். வாசலில் பலகை தொங்கக் கூடாது. கோட்டா நகரில் தையற்காரன் வீட்டில்கூட ‘மாணவர் விடுதி’ என்று தொங்குகிறது. ஹாடா ராஜபுத்திரர் வீட்டில் தங்குகிறவன் வாடகைக்காரன் அல்லன், விருந்தினன். ஏழு தலைமுறையாக இந்த வீட்டிலிருந்து எந்த விருந்தினனும் மனம் கசந்து பாதியில் போனதில்லை.

மாமனாரிடம் மருமகள் நேராகப் பேசுவது எங்களில் வழக்கமில்லை. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முற்றத்துத் தூணிடம் பேசுவாள்.

“தூணே, கூரை ஒழுகுது. பலகை வேணாம்னா வேணாம். பசங்க வரட்டும்.”

பதினோரு பேர் வந்தார்கள்.

விருந்தினன் வந்துவிட்டால் மனுவார் என்னும் எங்கள் ஊட்டி உபசரிப்பைச் செய்யாமல் இருக்க முடியுமா? அவன் மூன்று முறை ‘போதும்’ என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் நம் கையாலேயே அவன் வாயில் ஊட்டத் தொடங்குவோம். நீட்டிய கையைத் தட்டினால் வீட்டையே அவமதித்ததாகும். தினமும் மதியம் ‘பாட்டி’ என்று நாங்கள் சொல்லும், நெய்யில் ஊறிய சுட்ட கோதுமை உருண்டைகளையும் அவற்றைப் பொடித்து இனிப்புச் சேர்த்துப் பிடித்த சூர்மா லட்டுகளையும் நானே வரிசையாக ஊட்டினேன். நல்ல வளர்ப்பு, ஒருவனும் மறுக்கவில்லை. பீகாரின் மதுபனியிலிருந்து வந்த முகுந்த் ஜா ஒரே வேளையில் ஒன்பது லட்டு வாங்கிக்கொண்டான். பிறகு எல்லாரும் வகுப்புக்குப் போவார்கள்.

ஆறு வாரம் கழித்து, வாரத் தேர்வில் நாற்பதாவதாக இருந்த முகுந்த் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவதாகிவிட்டான். மற்ற பத்துப் பேரும் அவனுக்கு அக்கம்பக்கத்தில்தான் இருந்தார்கள். வகுப்பில் குறட்டை விடுகிறான் என்று அவன் தகப்பனாருக்குத் தொலைபேசி போயிற்று.

ஊரில் பள்ளிக்கூடத் தலைமை எழுத்தரான அந்தத் தகப்பனார் பவநாத் ஜா, கையில் ஒரு தகர டப்பாவோடு வந்து இறங்கினார்.

“தாக்கூர் சாகிப், பையனைக் கூட்டிட்டுப் போறேன். நாலு மணிக்கு ரயில்.”

ஒருவன் போனால் பத்துப் பேரும் போவார்கள். ஹாடா வீட்டிலிருந்து விருந்தினன் கசந்து போனான் என்று ஊர் பேசும்.

“முதல்ல உக்காருங்க. பசியோட வந்தவர்கிட்ட நான் வழக்குப் பேசுறதில்ல.”

உட்கார்ந்தார். மூன்று முறை ‘போதும்’ சொன்னார். நான் ஊட்டினேன். ஐந்தாவது லட்டு உள்ளே போனதும் அவர் தன் டப்பாவைத் திறந்தார். கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்து நெய்யில் பொரித்த தேக்குவா. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

“இப்ப என் முறை. வாயத் திறங்க.”

“யாரு, நானா?”

“மதுபனிக்காரன் நீட்டின கையும் மடங்காது, சாகிப்.”

என் வீட்டில் எனக்கு எவரும் ஊட்டியதில்லை. ஆனாலும் நீட்டிய கையை நானே தட்டலாமா? திறந்தேன். ஒரு லட்டுக்கு ஒரு தேக்குவா என்று போயிற்று.

“தூணே,” என்றாள் மருமகள், “யாராவது ஒரு பெரியவர் வாய மூடினா தேவல.”

எப்படி மூடுவது? முதலில் மூடுகிறவன் தோற்றவன்.

கண் விழித்தபோது நாங்கள் இருவரும் முற்றத்துக் கயிற்றுக் கட்டில்களில் கிடந்தோம். வெயில் சுவரேறிப் போயிருந்தது, நாலு மணி ரயிலும் போயிருந்தது. என் மீசையில் வெல்லம். ஜா எழுந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார்.

“இது எந்த ஊரு?”

“கோட்டா.”

“எனக்கே ஊரு பேரு மறந்துபோச்சு. இத்தனையும் தின்னுட்டு என் பையன் வகுப்புல போயி உக்காந்திருக்கானே! தாக்கூர் சாகிப், அவன் மேதை!”

நான் தலைகுனிந்தேன். கசந்து போவதைக் காட்டிலும் கேவலமானது, நம் சோற்றால் விருந்தினன் கெடுவது. மருமகள் காதில் விழும்படி உரக்கச் சொன்னேன்: “இனிமே ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் மனுவார். மத்த நாள்ல அவளே பரிமாறட்டும். நான் கதவச் சாத்திக்கிட்டு முன்னறையில இருப்பேன். காலித் தட்டப் பாத்தா என் கை நிக்காது.”

“அப்படின்னா பையன் இங்கயே இருக்கட்டும்,” என்றார் ஜா. “நான் ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போறேன்.”

மறுநாள் மதியம் முன்னறையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். கதவுக்கு அப்பால் முகுந்தின் குரல்.

“அம்மா, ஒரே ஒரு லட்டு?”

“கிச்சடி மட்டுந்தான். எந்திரி, வகுப்புக்கு நேரமாச்சு.”

என் கை தானாக எழுந்து கதவை நோக்கிப் போயிற்று. ஜா அதை இரண்டு கைகளாலும் பிடித்து நிறுத்தினார்.

“விடுங்க தாக்கூர் சாகிப், புள்ளைங்க படிக்கட்டும்,” என்றார். “உங்க கை சும்மா இருக்க மாட்டேங்குதுன்னா, நான் எதுக்கு இருக்கேன்?”

கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.