நேரத்துக்குப் பேசும் பெட்டி

லிப்ட்காரி என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். லிப்ட் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவள் தொழில்; ஊரில் பாதி லிப்ட் அவள் கைபட்டுத்தான் ஏறி இறங்குகிறது. அவள் புருஷன் சலூன் வைத்திருந்தார். கத்தரிக்கோலைவிட அவர் வாய்தான் கூர்மை. தலையில் வெட்டுவதற்கு ஒன்றுமில்லாதவர்கள்கூட அங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள், நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டு சிரித்துவிட்டு வருவதற்காக.

போன வருஷம் அவர் தொண்டையில் கட்டி வந்தது. டாக்டர் ஆளைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுக் குரலை எடுத்துக்கொண்டார். உடம்பு தேறியது, கடை திறந்தது, கத்தரிக்கோலும் பழையபடி ஓடியது. நாக்குக்குத்தான் வேலை போய்விட்டது. லிப்ட்காரி கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு எழுதுபலகை மாட்டிக் கொடுத்தாள். ஆனால் கிண்டலை எழுதிக் காட்டினால் எடுபடுமா? அவர் எழுதி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். வாசித்தவர்கள் மரியாதைக்குச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. எழுதுவதையே விட்டுவிட்டார்.

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டியைச் சீண்டாமல் ஒரு வேளை சாப்பிட்டதில்லை அந்த மனுஷன். இப்போது தட்டைப் பார்த்தே சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். லிப்ட்காரிக்கு அதுதான் தாங்கவில்லை. பேச்சு போனதுகூடப் பரவாயில்லை, அந்தக் குறும்பு போகக் கூடாது என்று நினைத்தாள்.

அவளிடம் ஒரு புதையல் இருந்தது. அவள் வேலை பார்க்கிற லிப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால், அவர் போன் பண்ணாமல் குரல் பதிவாக அனுப்புவதுதான் வழக்கம். எத்தனையோ வருஷத்துப் பதிவுகள் அவள் போனில் அழியாமல் கிடந்தன. லீவு நாளில் மணியும் விளக்கும் செய்து விளையாடுகிற கை அவளுடையது. ஒரு பெட்டி, அதில் ஆறு பட்டன், அழுத்தினால் அவர் குரல். செய்துவிடலாமே!

பெட்டிக்குள் வைக்க ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வேண்டும். அவள் தம்பிக்கு எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் வேலை. அக்காவைப் பார்த்ததும் மூன்று போர்டுகளை மேஜைமேல் பரப்பிவிட்டான்.

"இது பெரியண்ணன். ஸ்கிரீன் மாட்டலாம், கேமரா மாட்டலாம், படம்கூட பாக்கலாம். இது நடுவுல உள்ளது."

"அந்த விரல் அளவு இருக்கே, அது?"

"அதையாக்கா கம்ப்யூட்டர்னு சொல்றது? ஏதோ விளக்கு மினுக்க, மோட்டார் சுத்த வாங்கிட்டுப் போவாங்க. மாமாவுக்குப் போய் அதைக் கொடுப்பியா?"

அவளுக்கும் மனசு கேட்கவில்லை. அதோடு தொழில் புத்தி வேறு. எட்டுப் பேர் ஏறுகிற லிப்டின் கம்பிவடம், அதைப்போல் பல மடங்கு பாரம் தாங்கினால்தான் அவள் கையெழுத்துப் போடுவாள். வீட்டுக்கு அலமாரி வாங்கினாலும் அவளுக்கு அதே கணக்குத்தான். எடுத்தாள் பெரியண்ணனை.

பெட்டி செங்கல் கனத்தில் வந்து சேர்ந்தது. சட்டைப்பையில் போட்டால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. மதியத்துக்குள் பேட்டரி படுத்துவிட்டது. அதனால் சலூன்காரர் அதை அணைத்தே வைத்திருந்து, வேண்டும்போது மட்டும் எழுப்பினார். அங்கேதான் வந்தது வினை.

பெயிண்ட் கடைக்காரர் முடிவெட்ட வந்து உட்கார்ந்தார். "என் பையன் இன்னைக்குத் தானா எழுந்து பல் தேய்ச்சுட்டான்!" என்று பீற்றிக்கொண்டார். பையனுக்கு வயசு முப்பது. சலூன்காரர் கண்ணில் அந்தப் பழைய மின்னல். பெட்டியின் சுவிட்சைத் தட்டிவிட்டுப் பட்டனை அழுத்தினார். பெட்டியோ நிதானமாகச் சோம்பல் முறித்தது. அரை நிமிஷம் ஆகியிருக்கும். அதற்குள் பெயிண்ட் கடைக்காரர், "மாமியார் வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாங்க," என்று குரல் தழுதழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அடிசக்கை! கொண்டாட வேண்டிய விஷயமாச்சே!" என்றது பெட்டி.

பெயிண்ட் கடைக்காரர் பாதி வெட்டிய தலையோடு எழுந்து போய்விட்டார். சலூன்காரர் பெட்டியை மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். சாயங்காலம் மனைவி வந்ததும் பலகையில் "போதும்" என்று எழுதிக் காட்டினார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது, தன் மேலேயே.

மறுநாள் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை. ஒருவர் லிப்ட் பட்டனை அழுத்திவிட்டு, அது வரத் தாமதமானதும் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். கம்பிவடம் எவ்வளவு தாங்கும் என்று அவருக்கு என்ன கவலை? கூப்பிட்டதும் வர வேண்டும், அவ்வளவுதானே! அவள் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு நேராகத் தம்பி கடைக்குப் போனாள்.

"இந்த மூணுல எதுடா சீக்கிரம் முழிச்சுக்கும்?"

"இப்படி யாருமே கேட்டதில்லையேக்கா!"

ஒவ்வொன்றாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தார்கள். பெரியண்ணன் யோசித்தது. நடுவில் உள்ளது கொட்டாவி விட்டது. விரல் அளவுப் பொடியன் மட்டும், அவள் சுவிட்சிலிருந்து கையை எடுப்பதற்குள் ரெடி. பேட்டரியும் நாள் கணக்கில் தாங்கும் என்றான் தம்பி, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி.

புதுப் பெட்டி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பதிவுகளை அவளே பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தாள்: வணக்கம், நன்றி, உட்காருங்க. சலூன்காரர் ஆறையும் அழுத்திக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். அவள் போனை வாங்கிக்கொண்டு போய்க் கடையில் உட்கார்ந்து, பழைய பதிவுகளைக் கேட்டுக் கேட்டு ஏதோ மாற்றிப் போட்டார். என்ன என்று காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் எங்கே மனசு மாறிவிடுமோ என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிட வந்தான். முதல் வாய் எடுத்து வைத்ததும் ஆரம்பித்தான்: "நான் அன்னைக்கே சொன்னேன்ல, சின்னதுதான் சரிப்படும்னு?"

"புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

அவர் குரல். சற்றும் பிந்தவில்லை. தம்பி வாய்க்குப் போன கை அப்படியே நிற்க விழித்தான். பிறகு புரையேறச் சிரித்தான். சலூன்காரர் சத்தமில்லாமல் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பழைய சிரிப்பு.

லிப்ட்காரிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில், பொடியன் ஏன் உசத்தி, பெரியண்ணன் ஏன் தூங்குமூஞ்சி, பேட்டரி எப்படி, ஸ்பீக்கர் எப்படி என்று மூச்சுவிடாமல் விளக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா தாயே, நிறுத்து. பசி உயிர் போகுது."

தம்பி தட்டைத் தள்ளிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. எத்தனை மாசம் ஆயிற்று இந்த வீட்டில் அவளை ஒருவர் கிண்டல் பண்ணி!

"இன்னொரு தடவை அழுத்துங்க," என்றாள்.

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். ஒரே கிண்டலை இரண்டு தடவை சொல்கிற ஆளா அவர்? விரலை அடுத்த பட்டன்மேல் வைத்துக்கொண்டு, அவள் மறுபடி வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தார்.